பேர் எழுதுவதற்கா தலைவர்?

ஜூன் 9, 2025, திங்கள்

ஆசிரியர் அறையில் இன்று எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) பற்றிப் பேச்சு. பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையனையே போட்டுவிடலாம், பிரேயரில் உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்வான் என்றார் ஒருவர். வகுப்புத் தலைவர்களையும் இப்படித்தான் போடுகிறோம். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பேரைப் போர்டில் எழுத வேண்டும், சாக்பீஸ் எடுத்து வர வேண்டும், நோட்டுக் கட்டைச் சுமக்க வேண்டும். வகுப்புக்காக ஆசிரியரிடம் பேச வேண்டிய பிள்ளையை, ஆசிரியருக்காக வகுப்பை வேவு பார்க்க வைத்திருக்கிறோம்.

தேர்தல் வைக்கலாமா என்று கேட்டேன். பாட நேரம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை எல்லோருக்கும் ஓட்டு.

ஜூன் 13, வெள்ளி

வேட்புமனு வாங்கினேன். மதியம் வராந்தாவில் காதில் விழுந்தது: "நம்ம தெரு ஓட்டு மொத்தமும் அவனுக்குத்தான்." தெரு என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை என்று 2024 ஜூனில் பரிந்துரை செய்தது. கயிற்றை அறுக்கச் சொல்லலாம், ஓட்டுக்குள் ஒளிந்திருப்பதை என்ன செய்வது? தேர்தலே வேண்டாம் என்று சிலர் சொல்வதற்கும் இதுதான் காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடப் போகிறவர்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவார்கள்?

ஜூன் 16, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் குடவோலைப் பாடம், சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது பிரிவுகள். ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் (சபையின் நிர்வாகக் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது. இந்த விதியைக் கேட்டதும் வகுப்பு உற்சாகமாகிவிட்டது. அதே சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவனுக்கும் இடமில்லை. அதையும் சொன்னேன். பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிப் பாடம்தான்.

பாடம் முடிந்ததும் ஒரு மாணவி, "அப்போ வகுப்புப் பிரதிநிதிகள் கூடும் வகுப்பு மன்றத்துக்குக் குடவோலையே வைக்கலாமே சார், சீட்டுக்குத் தெரு தெரியாதே" என்றாள். தலைமையாசிரியையிடம் பேசி முடிவாகிவிட்டது: எஸ்.பி.எல்.லுக்கு ஓட்டு, வகுப்பு மன்றத்துக்குக் குலுக்கல். ஆண் குடம் ஒன்று, பெண் குடம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய சீட்டு.

ஜூன் 20, வெள்ளி

தேர்தல் நல்லபடியாக முடிந்தது. வாக்குச்சாவடி அலுவலர்கள் மாணவர்களே. விரலில் மார்க்கர் பேனா மை. நோட்டா வேண்டும் என்று பத்தாம் வகுப்பு பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஜெயித்த மாணவி போன வருடம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டத்தில் நெய்தல் குழுவுக்குத் தலைவியாக இருந்தவள். அந்தத் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் கலந்து பிரித்தது வீண்போகவில்லை. எல்லாத் தெரு ஓட்டும் அவளுக்கு விழுந்திருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

மன்றத்தின் முதல் கூட்டம். சீட்டில் வந்தவர்களில் பாதிப் பேர் வகுப்பில் கையே தூக்காதவர்கள். எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் சொன்னான். காலையில் ஒரு தடவைதான் மோட்டார் போடுகிறார்கள், பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை போட்டால் போதும். இத்தனை வருடம் தண்ணீர்ப் பஞ்சம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மோட்டார் போடுபவருக்கு நினைவூட்டும் வேலையை அவனே ஏற்றுக்கொண்டான்.

பி.டி. பீரியடை மற்ற பாடங்களுக்கு எடுத்துக்கொள்வதும் வந்தது. எந்த ஆசிரியர் என்று சொல்லத் தயங்கினார்கள். தேதி, பீரியட் மட்டும் குறித்து வையுங்கள், பேர் தேவையில்லை என்றேன்.

பெண் உறுப்பினர்கள் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் கலைந்ததும் தமிழ் டீச்சரிடம் தனியாகப் போனார்கள்: கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இது தெரியாமல் அவர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் பெண்கள் தமிழ் டீச்சரோடு தனியாகக் கூடுவார்கள்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எஸ்.பி.எல்.லையும் ஏழாம் வகுப்பு உறுப்பினரையும் தலைமையாசிரியை அழைத்திருந்தார். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த விதியின் அருமை இன்றுதான் புரிந்தது. ஏழாம் வகுப்புக்காரி தாழ்ப்பாள் என்று ஆரம்பித்ததுமே அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள். நிதி வரட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு அம்மாவின் தம்பி தச்சர். திங்கட்கிழமை வருகிறார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மன்றம் இன்று பிரேயரில் கணக்குப் படித்தது. தாழ்ப்பாள்: எல்லாக் கதவுக்கும் போட்டாகிவிட்டது. தண்ணீர்: மூன்றரை மணி வரை வருகிறது. பி.டி. பீரியட்: தேதிவாரியாகப் படித்தாள் எஸ்.பி.எல். கடைசியாகப் போனது இந்த செவ்வாய், ஒன்பதாம் வகுப்பு, நான்காம் பீரியட். பேர் சொல்லவில்லை, ஆனால் கணக்கு ஆசிரியர் தானே முன்வந்து, வரும் வாரம் என் பீரியட் ஒன்றைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். பிள்ளைகள் கைதட்டியதைவிட அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி இருக்கிறதா என்றதும் ஆறாம் வகுப்புச் சின்னப் பையன் ஒருவன் கை தூக்கினான். "போன வியாழக்கிழமை ஏன் தண்ணி வரலை?" எட்டாம் வகுப்பு உறுப்பினன் முன்னால் வந்து, அன்று கபடிப் போட்டிக்குப் போய்விட்டேன், இனி நான் இல்லாத நாளில் இன்னொருவன் பார்த்துக்கொள்வான் என்று அவன் பேரையும் சொன்னான்.

அடுத்த கூட்டம் 22ஆம் தேதி. சாயங்கால பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு டெப்போவுக்கு மனுக் கொடுக்க வேண்டுமாம். மனு எழுதும் முறையைத் திங்கட்கிழமை சொல்லித்தர வேண்டும்.