பிரசவம் முடிந்தாலும் பிரஷர் முடிவதில்லை

முதல் பிரசவத்தில் எனக்கு வலிப்பு வந்தது குழந்தை பிறந்த மூன்றாம் நாள், வீட்டில் வைத்து. தனியார் நர்சிங் ஹோமில் சுகப்பிரசவம். மறுநாளே அனுப்பிவிட்டார்கள், கிளம்பும்போது யாரும் பிரஷர் பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்தே மண்டையைப் பிளக்கும் வலி, கண்ணில் பூச்சி பறந்தது. "தூக்கம் இல்லாததுதான்" என்றார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் நினைவில் இல்லை. "ஜன்னி கண்டுடுச்சு" என்று அத்தை அலறியதும், 108 வண்டி வந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை.

இதை நான் எழுதுவது இரண்டாவது பிரசவத்தைப் பற்றி. முதலில் வந்த வலிப்புக்குக் காரணம் ஏறிய பிரஷர், அதாவது ரத்த அழுத்தம் என்று தெரிந்திருந்ததால், இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அதே நிலையில் இருக்கும் பெண்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

நாள் தள்ளிப்போனதுமே எங்கள் கிராம நர்சம்மாவிடம் போனேன். கர்ப்பத்தை அரசுக் கணக்கில் பதியும் பிக்மி எண் போடுவதற்கு முன்பே அவர் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். "இது இல்லன்னா நீ வாயால சொல்றதத்தான் நாங்க எழுதணும். இதுல எல்லாம் இருக்கு பாரு, எந்த மருந்து குடுத்தாங்க, ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு." தாய் சேய் நல அட்டையின் மேலேயே சிவப்பு மையில் முந்தைய வலிப்பைக் குறித்தார். அந்த ஒரு வரியால் பின்னால் எந்த மருத்துவர் அட்டையைத் திறந்தாலும் முதல் கேள்வி சரியான கேள்வியாக இருந்தது. மாதாமாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு நடக்கும் சிறப்புப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அதோடு, 12 வாரம் ஆகுமுன் பெரியாஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார்.

அந்த 12 வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. கர்ப்ப காலப் பிரஷர் 20ஆம் வாரத்துக்குப் பிறகுதான் தலை காட்டும். ஆனால் அதன் வேர் ஆரம்ப மாதங்களிலேயே, நஞ்சுக்கொடி கருப்பையில் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. கருப்பையின் ரத்தக் குழாய்கள் அப்போது நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், அதிலிருந்து கசியும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய், சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாவற்றையும் தொடும். அதனால்தான் முன்பு இந்தத் தொல்லை வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்குகிறார்கள். எனக்கு இரவு 150 மில்லிகிராம் எழுதினார்கள், கூடவே கால்சியம். ஆஸ்பிரின் ஆபத்தைக் குறைக்கும், அறவே தடுத்துவிடாது என்பதையும் டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் அப்படி உடைத்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் என் காலைப் பற்றித்தான் கவலை. வீக்கம் வந்தால் பார்லித் தண்ணீர், உப்பில்லாத சோறு. பார்லி குடிப்பதில் தப்பில்லை, ஆனால் அது இந்தப் பிரஷரை இறக்காது. உப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. பிரஷர் ஏறியிருப்பதைக் கால் வீக்கம் சொல்லிவிடும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். நல்ல கர்ப்பத்திலும் கால் வீங்கும். வீக்கமே இல்லாமலும் வலிப்பு வரை போகும்.

அதனால் என் கணவர் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தார், மேல்கையில் கட்டும் வகை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். காலையிலும் சாயங்காலமும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்ப்பேன். எண்ணை நோட்டில் எழுதுவேன். 140க்கு 90ஐத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160க்கு 110 என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டு வரியையும் அத்தைக்கும் மனப்பாடம் செய்வித்தேன், ஏனென்றால் அவசரத்தில் முடிவெடுக்கும் நிலையில் நான் இருக்க மாட்டேன் என்பது முதல் முறையே தெரிந்துவிட்டது.

30ஆம் வாரத்தில் எண் ஏறியது. 150க்கு 100. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பசி நன்றாக எடுத்தது, வளைகாப்புக்குப் புடவைகூட எடுத்தாயிற்று. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டு ப்ளஸ். அட்மிஷன் போட்டார்கள். "நல்லாத்தானே டாக்டர் இருக்கேன்" என்றதற்கு, "நீங்க நல்லா இருக்கும்போதே பார்த்துட்டோம்மா, அதுதான் வேணும்" என்றார் பயிற்சி மருத்துவர்.

வார்டில் இருந்த நாள்களில் நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் இதுதான். லெபெட்டலால், நிபிடிபின் போன்ற மாத்திரைகள் எண்ணை மட்டுமே இறக்குகின்றன; மூளையில் ரத்தக் கசிவு வராமல் காக்கின்றன. நோயை அவை தீர்ப்பதில்லை. "வியாதி நஞ்சுலம்மா இருக்கு. நஞ்சு வெளிய வந்தாத்தான் விட ஆரம்பிக்கும்" என்றார் பெரிய டாக்டரம்மா. அப்படியென்றால் இன்றைக்கே எடுத்துவிடலாமே என்றால், குழந்தைக்கு நுரையீரல் பழுக்கவில்லை. வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம், தாய்க்கு ஆபத்து. ஒரே தராசின் இரண்டு தட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்கள் வேலை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்று அடிக்கடி ரத்தம் எடுத்ததும், தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் சரியா என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்ததும், வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்ததும் எல்லாம் அந்த முள்தான். இது புரிந்த பிறகு, "சும்மா சும்மா ரத்தம் எடுக்கிறாங்க" என்று பக்கத்துக் கட்டில் அக்கா சலித்துக்கொண்டபோது அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

சேர்ந்த அன்றே நுரையீரல் முதிர்வதற்கான ஊசி ஆரம்பித்தார்கள். டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குறைமாதப் பிரசவம் வரும் என்று தெரிந்தால் 34 வாரத்துக்குள் இதைப் போட்டுவிட வேண்டும். மலிவான மருந்து. இதைப் போட்டுக்கொண்ட தாயின் குழந்தைக்கு மூச்சுத் திணறல் குறையும், மூளையில் ரத்தக் கசிவும் குறையும். போட்ட நாள்களில் சர்க்கரை ஏறும் என்பதால் அதையும் பார்த்தார்கள்.

33ஆம் வாரத்தில் ஒரு விடியற்காலை நெஞ்சுக்குக் கீழே, வலப்பக்கம் பிசைந்தது. வாயு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கர்ப்பிணிக்கு அந்த இடத்தில் வலித்தால் கல்லீரலாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும் என்று வார்டு சிஸ்டர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பிரஷர் 170க்கு 110. தட்டணுக்கள் இறங்கியிருந்தன. உடனே மக்னீசியம் சல்பேட். நரம்பில் மெதுவாக ஏறும்போது உடம்பு முழுக்க அனல் பரவியது. பின்பக்கம் இரண்டு புறமும் போட்ட ஊசி கடுமையாக வலித்தது. வலிப்பைத் தடுக்க இதைவிட நல்ல மருந்து இல்லை, ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் முட்டியில் சுத்தியலால் தட்டிக் கால் துள்ளுகிறதா, மூச்சு எத்தனை, சிறுநீர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஊசி. அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலருகே தயாராக இருந்தது.

குழந்தையை எடுக்க அழைத்துப்போன அறுவை அரங்கில் எனக்கு நினைவிருப்பது ஒன்று: குழந்தை வந்ததும் கருப்பை சுருங்க மெத்தர்ஜின் போடக் கூடாது என்று ஒருவர் உரக்கச் சொன்னார். அது பிரஷரை ஏற்றிவிடும். ஆக்சிடோசின் போட்டார்கள்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பிறந்ததும் அழுதாள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் பீய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் சங்கு நனையும் அளவுதான் வந்தது. அந்தச் சீம்பாலே அவளுக்குப் போதும் என்றார்கள். நிலைமை சீரானதும் அவளை என் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை. எடை குறைந்த குழந்தைக்குச் சூடு, பால், தொற்றிலிருந்து காப்பு எல்லாம் இதில் கிடைக்கிறது. அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொண்டார். அப்பா செய்யலாமா என்று தயங்குபவர்கள் தயங்க வேண்டாம்.

இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, கண் பார்க்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதிப்பு வெளியே தெரியாது. தாமதமானால் பார்வை போய்விடும். என் மகளுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன.

இனி தலைப்பில் சொன்னது. எல்லோரும் குழந்தையைப் பார்க்கக் கூடும் அந்த நாள்களில்தான், பிறந்து மூன்றிலிருந்து ஆறாம் நாள்வரை, பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போகிறது. முதல் முறை எனக்கு வலிப்பு வந்தது அப்போதுதான். இந்த முறை அந்த நாள்களில் நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன்; ஏறியதும் மருந்தைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தாய்ப்பாலுக்குப் பாதகமில்லாத மாத்திரை, தினம் நோட்டில் எண். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலியைக் குளிர்காற்று, பத்தியக் குறைவு என்று சொல்லிக் காதில் பஞ்சு வைக்கும் வீடுகளைக் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் பிரஷர் பாருங்கள். இந்த நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் எனக்கு இனி வருஷா வருஷம் பரிசோதனை உண்டு.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அறுவை, மருந்து, குழந்தைப் பிரிவு எதற்கும் பணம் கட்டவில்லை. போக்குவரத்துக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் ஆனதுதான்.

என் தங்கைக்கு இப்போது இரண்டாம் மாதம், தலைப்பிரசவம். கூடப் பிறந்தவளுக்கு இந்த நோய் இருந்தால் அவளுக்கும் ஆபத்து கூடும். முதல் பரிசோதனைக்கு என் இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும் நகலெடுத்துக் கொடுத்தனுப்பினேன். அவற்றைப் படித்துப் பார்த்த மருத்துவர், 12ஆம் வாரத்திலிருந்து அவளுக்கும் ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார்.