குற்ற உளவியல் துறைக்கு வர விரும்பும் கிழக்கு மாகாண மாணவர்களுக்கு

குற்ற உளவியலாளர் என்ற பெயரில் ஒரு பதவிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்பட்டதை நான் கண்டதில்லை. அமெரிக்காவின் மத்திய புலனாய்வுப் பணியகமான எப்.பி.ஐ., குற்றவாளிகளின் நடத்தையை ஆராய 1972இல் தொடங்கிய நடத்தை அறிவியல் பிரிவைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமது இலங்கையில் குற்ற உளவியல் சார்ந்த பணி நன்னடத்தை உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், சிறைச்சாலைப் புனர்வாழ்வு உத்தியோகத்தர், சிகிச்சை உளவியலாளர் எனப் பல பெயர்களில் பிரிந்து கிடக்கிறது. ஆகவே களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ உயர்தரம் படிக்கும் ஒருவர், இவற்றுள் எதை நோக்கிப் படிக்கப் போகிறார் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை. நான் கலைப்பிரிவில் எடுத்திருந்த அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடம், பின்னர் பேராதனையில் ஆய்வுமுறையியல் படித்தபோது பெரிதும் கைகொடுத்தது. அங்கே கலைப்பீடத்தில் உளவியலைச் சிறப்புக் கற்கையாகத் தொடரலாம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்குமெனத் தனித் துறை இருக்கிறது. எங்கு படித்தாலும் புள்ளிவிபரவியலிலிருந்து தப்ப முடியாது. கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்தவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

உளவியல் மாணவர் பலர் சட்டத்தைத் தொடுவதில்லை. என் அபிப்பிராயத்தில் நம்மவர்களின் பெரிய குறை இதுதான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். செயலைப் புரிந்த வேளையில், சித்தசுவாதீனமின்மை காரணமாக, தான் செய்வது இன்னதென்றோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்றோ அறிய இயலாதிருந்த ஒருவரின் செயல் குற்றமாகாது என்று அது கூறுகிறது. இன்று ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக உளநல வைத்தியர் உறுதிப்படுத்தினாலும், சம்பவம் நடந்த அந்த வேளையில் அவருடைய நிலை என்ன என்ற கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது. நோயைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு இந்தக் கேள்வியைத் தொடாமல் விடும் விடைக்குப் பரீட்சையில் நல்ல புள்ளி கிடைக்காது. நீதிமன்றத்திலும் அத்தகைய அறிக்கை பயன்படாது.

அறிக்கை எழுதுவது தனிப் பயிற்சி. "சிறுவன் தன் செயலுக்காக வருந்தவில்லை" என்பது எழுதியவரின் முடிவு. "சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது நிலத்தைப் பார்த்தபடி இருந்தான், பதில் சொல்லவில்லை, தாயின் பெயரைக் கூறியதும் அழுதான்" என்பது கண்டது. கண்டதை ஒரு பந்தியிலும், பிறர் சொன்னதைச் சொன்னவர் யாரென்ற குறிப்புடன் இன்னொரு பந்தியிலும், தன் கருத்தை இறுதியிலும் எழுதிப் பழகியவருக்கு நீதிவான் கேட்கும் குறுக்குக் கேள்விகள் சிரமமாக இராது. நான் பட்டப்படிப்பில் கற்றவற்றுள் இன்றுவரை அன்றாடம் பயன்படுவது இந்த வழக்கம்தான்.

நன்னடத்தை உத்தியோகத்தர் பதவிக்கு மாகாண மட்டத்தில் போட்டிப் பரீட்சை நடக்கும். குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயது 2018இல் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டதைப் போன்ற சட்டத் திருத்தங்களை நேர்முகத் தேர்வுக்கு முன் படித்துவைப்பது நன்று. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வழக்குகள் தமிழில் நடந்தாலும், திணைக்களச் சுற்றுநிருபங்களையும் சிறைச்சாலைக் கோவைகளையும் வாசிக்கச் சிங்களம் வேண்டும். அம்பாறை நகரில் பணிபுரிய நேர்ந்தால் பேசவும் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை உளவியலாளராக விரும்புவோருக்கு இளமாணிப் பட்டம் மட்டும் போதாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் எம்.பில். போன்ற பட்டமேற்படிப்பும், அதன்பின் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் தேவை. இந்தியா செல்ல வசதியுள்ளவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையையும், காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தையும் விசாரித்துப் பார்க்கலாம்.

விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது மட்டக்களப்பு நீதிமன்றத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். திறந்த மன்றில் நடக்கும் விசாரணைகளைப் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். சட்ட வைத்திய அதிகாரி சாட்சியமளிக்கும் நாளாக இருந்தால், எந்தக் கேள்விக்குத் தன் கருத்தைச் சொல்கிறார், எந்தக் கேள்விக்கு அது தன் துறைக்கு அப்பாற்பட்டது என்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுவர் வழக்குகளுக்கு மட்டும் வெளியாருக்கு அனுமதி கிடையாது.