பாரி முதல் ஆதன் வரை

சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'யை இப்போதுதான் முடித்தேன். மூவேந்தரின் அரண்மனைகளை விட்டுவிட்டு, குறுநில மன்னன் பாரி ஆண்ட பறம்பு மலையின் மரங்களையும் மூலிகைகளையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் அறிந்த குடிகளின் பக்கமிருந்து கதையைச் சொல்லியிருப்பதே, அரச குலப் பெருமையிலேயே ஊறிப்போன நம் சரித்திர நாவல் மரபில் அதற்குத் தனியிடம் தருகிறது. போர்க்காட்சிகளின் நீளம் மட்டும் என் பொறுமையைச் சோதித்தது.

பாரியும் அவன் மனைவி ஆதினியும் பேசிக்கொள்ளும் பக்கங்களில் உள்ள காதல், இணையத் தொடர்களாக வெளிவரும் பல குடும்ப நாவல்களில் எனக்குக் கிடைப்பதில்லை. கோபக்கார நாயகனின் அதட்டலைக் காதல் என்று இன்னும் எத்தனை காலம் வாசிப்பது?

சிறார் நூல்களில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைச் சொல்ல வேண்டும். கீழடிப் பானை ஓடுகளில் பொறிக்கப்பட்டிருந்த ஆதன் என்ற பெயரை ஒரு சிறுவனுக்குச் சூட்டி, பழந்தமிழர் வாழ்வைப் பாடநூலின் வாடையின்றிக் காட்டும் இந்த நாவல், சிறார் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023ஆம் ஆண்டுக்குப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுத்தாலும் தவறில்லை.