மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பந்தய உரிமம்

முப்பது வயதைக் கடந்த பிறகு கார் பந்தயத்துக்குப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒற்றை இருக்கைக் கார்களில் ஓட்டும் ஃபார்முலா பந்தயங்களைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. அங்கே சாதிப்பவர்கள் சிறு வயதிலேயே கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் ஏறிவிடுகிறார்கள். ஒரே காரை இருவரோ மூவரோ முறை வைத்து ஓட்டும் நெடுநேரப் பந்தயம் வேறு வகை. அதற்கென உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கிறது. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், சாலைக் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார்களுக்கான எல்.எம்.ஜி.டி.3 பிரிவில் ஒவ்வொரு காருக்கும் வெண்கலத் தர ஓட்டுநர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். முப்பதைத் தாண்டி முதல் உரிமம் வாங்குகிறவர் பொதுவாக அந்தத் தரத்தில்தான் சேர்வார். மார்த்தாண்டத்தில் உதிரிபாகக் கடை நடத்தும் எனக்கு ஆசைப்பட இந்த விதியே போதுமானதாக இருந்தது.

முதல் படி, இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம். "உனக்க கையில லைசென்சு இருக்குல்லா, பின்ன என்னத்துக்கு மக்களே இன்னொண்ணு?" என்று அம்மா கேட்டார். சாலை உரிமம் வேறு, இது வேறு என்பதை அவர் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

மருத்துவச் சான்றை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இரத்த வகை, இ.சி.ஜி. ஆகியவற்றைவிடக் கண் பரிசோதனைக்கே அதிக நேரம் ஆனது. வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்களை வாசிக்கச் சொன்னார்கள். பந்தயத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு எனக் கொடிகளே பேசுவதால் நிறப் பார்வையில் குறை இருக்கக் கூடாது. மருத்துவர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்ததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. பதிவேற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. உடல்தகுதி வெறும் காகிதச் சடங்கும் அல்ல. கோயம்புத்தூரைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 2009-இல் லெ மான் வரை சென்றும், பந்தயம் தொடங்குமுன் தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியாமல் போனது. அங்கே பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர், 2012-இல், சென்னையின் கருண் சந்தோக்.

அடுத்தது பயிற்சி. குழித்துறையில் இரவு ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் அதிகத் தொலைவில்லை. 1990 முதல் இயங்கும் அந்தத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. அங்கே வேகத்தைவிட, எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது, எவ்வளவு சீராக விடுவது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். களியக்காவிளைச் சாலையின் நெரிசலில் பழகிய கால் அவசரமாக மிதிக்கும்; அதை மறக்கவைப்பதுதான் பெரும்பாடு.

யாரும் கேட்காமல் நானாகச் செய்த பயிற்சி ஒன்று உண்டு. லெ மானில் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலும், மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது. ஆகவே ஓட்டுநர் மாற்றம் அடிக்கடி நடக்கும். ஒரு பழைய மாருதியில் ஆறுமுனை இருக்கைப் பட்டையைப் பொருத்தி, மச்சானும் நானும் கடைக்குப் பின்னால் ஏறி இறங்கினோம். இறங்குகிறவர் நடுவிலுள்ள வட்டப் பூட்டைத் திருகியதும் பட்டைகள் கழன்று இருக்கையின் மேலேயே விழும். ஏறுகிறவர் அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று. பெரிய அணிகள் பட்டைகளை எலாஸ்டிக் கயிற்றால் விலக்கிப் பிடித்து வைக்கின்றன. நாங்கள் பழைய டியூபை நறுக்கிக் கட்டினோம். அருமையாக வேலை செய்தது. இறங்கியவர் அப்படியே விலகிப் போய்விடாமல் அடுத்தவரின் தோள் மேல் வரும் பட்டைகளை இழுத்து இறுக்கிவிட வேண்டும் என்பதை, ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்த பிறகே மச்சான் ஒப்புக்கொண்டான்.

உரிமம் கிடைத்துவிட்டது. அது உள்நாட்டுப் போட்டிகளுக்கு மட்டுமே. சர்வதேச உரிமத்துக்கு இங்கே போட்டியிட்ட அனுபவத்தைக் காட்ட வேண்டும், தரப் பிரிவுக்கு எஃப்.ஐ.ஏ.விடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எப்போது வாங்கினாலும் உரிமம் டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிடும். ஆகவே என்னைப் போல் கையிலிருந்து செலவழிப்பவர்கள் மருத்துவச் சான்றையும் விண்ணப்பத்தையும் ஜனவரியிலேயே முடித்துக்கொண்டால் கட்டிய கட்டணம் ஆண்டு முழுவதற்கும் உதவும்.