எல்லோருக்கும் ஒரே 497: ஒரு நகராட்சி ஓய்வூதியரின் நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 2

பென்ஷன் ஏறிவிட்டது. நகராட்சிக் கணக்குப் பிரிவிலேயே காலம் கழித்தவன். பட்டியல் கைக்கு வந்தால் வரி வரியாகத்தான் பார்ப்பேன். வரவுப் பக்கம் மருத்துவப்படி 300. கழிவுப் பக்கம் மருத்துவக் காப்பீடு 497.

தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியபோது பிடித்தம் மாதம் 150 ரூபாய். 2018-இல் 350 ஆனது. 2022 ஜூலையிலிருந்து 497. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புது ஒப்பந்தம், புதுத் தொகை. இப்போது நடப்பது 2026 ஜூன் 30-உடன் முடிகிறது. அடுத்ததற்கான அரசாணை வந்த பிறகு பேசிப் பயனில்லை. சொல்ல வேண்டியதை இப்போதே சொல்ல வேண்டும்.

திட்டம் வேண்டாம் என்பவன் அல்ல நான். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம், பட்டியலில் உள்ள பெரிய நோய்களுக்கு 10 லட்சம். வயது வரம்பு கிடையாது. எழுபதைத் தாண்டியவருக்கு வெளியே தனியாக பாலிசி எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செப்டம்பர் 5

எங்கள் ஓய்வூதியர் சங்க அலுவலகத்துக்கு ஒரு அக்கா வந்திருந்தார். கணவர் எங்கள் நகராட்சியில் துப்புரவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம். மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக், பென்ஷன் புத்தகம், ஓரம் பிரிந்த காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினார். அட்டையில் கணவர் படமும் இவர் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

“சார், அவரு போனப்புறமும் காசு புடிக்கிறாங்களே. எனக்கு இது செல்லுமா?”

“செல்லும்கா. இப்போ உங்க பேர்லதான் புடிக்கிறாங்க. அட்டையை மட்டும் மாத்தணும்.”

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அட்டை செல்லாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவருக்கு, தான் காப்பீட்டுக்குள் இருப்பதே தெரியாமல் பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 6

இரவெல்லாம் அந்த அக்காவின் பட்டியல்தான் கண்ணில் நின்றது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 7,850. அகவிலைப்படி 55 விழுக்காடு, அதாவது 4,318. இரண்டும் சேர்த்து 12,168. இதில் 497 என்றால் நூற்றுக்கு நான்கு ரூபாய். அடிப்படை ஓய்வூதியம் 60,000 வாங்கும் ஒருவருக்கு அகவிலைப்படியோடு 93,000 வரும். அவருக்கும் அதே 497. நூற்றுக்கு ஐம்பது காசுதான். சாக்கடை அள்ளியவரின் மனைவி தன் வருமானத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு பங்கைக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதற்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. அக்காவின் ஆண்டு வருமானம் சுமார் 1,46,000. அந்த 26,000 ரூபாய் வித்தியாசத்தால் அவர் அதற்கு வெளியே. கையிலிருந்து கட்டும் இவருக்கு நான்கு ஆண்டுக்கு 5 லட்சம். கட்டாதவர்களுக்கு ஆண்டுதோறும் 5 லட்சம். ஏழைகளுக்குக் கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. அந்த அக்காவும் ஏழைதான்.

மத்திய அரசில் எப்படி? அங்கே ஊழியர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் உள்ள சி.ஜி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டத்தில் ஊதிய நிலையைப் பொறுத்து மாதம் 250, 450, 650, 1,000 என்று நான்கு படி. ஓய்வு பெற்றவர் பத்து ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்க அட்டை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

செப்டம்பர் 9

அட்டை மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று. இறப்புச் சான்று, குடும்ப ஓய்வூதிய ஆணை நகல், ஆதார், படம்.

செப்டம்பர் 18

கண் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். காப்பீட்டுப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிதான். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 வரை திட்டத்தில் உண்டு. ஆனாலும் காப்பீட்டுக் கவுன்ட்டரில் இருந்த பையன், “லென்ஸுக்குத் தனியா 8,000 கட்டணும்மா” என்றான். அக்கா பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார்.

“தம்பி, திட்டத்துல எந்த லென்ஸ் வரும், எதுக்குத் தனிப் பணம்னு ஆஸ்பத்திரி தாள்ல எழுதி, முத்திரை போட்டுக் கொடுங்க” என்றேன்.

உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வந்து, திட்டத் தொகைக்குள்ளேயே செய்துவிடலாம் என்றான். எழுதித் தரச் சொன்னதும் 8,000 மறைந்துவிட்டது. கூட ஆள் இல்லாமல் வருகிறவர்கள் எத்தனை பேர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்!

செப்டம்பர் 20

கட்டுப் பிரித்தார்கள். நன்றாகத் தெரிகிறதாம்.

செப்டம்பர் 23

குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராக இருந்த நண்பர் போன் செய்தார். போன மாதம் நள்ளிரவில் நெஞ்சுவலி. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அது பட்டியலில் இல்லை என்று செலவுத் தொகையை மறுத்துவிட்டார்களாம்.

விட வேண்டாம் என்றேன். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது; முதலில் அங்கே மனு. 2018-இல் சிவகாந்த் ஜா என்ற ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியின் வழக்கில், ஆஸ்பத்திரியின் பெயர் அரசாணையில் இல்லை என்பதற்காக மட்டும் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உயர் நீதிமன்றத்திலும் இதே அடிப்படையில் ஓய்வூதியர்கள் பலர் ஜெயித்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அவசரச் சிகிச்சை என்று டாக்டர் எழுதிய சான்று, மறுப்புக் கடிதம் நான்கையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 27

சங்கக் கூட்டம். படிநிலைச் சந்தா கேட்க வேண்டும் என்று நான் பேசியதும் ஆணையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா எழுந்தார். “காப்பீடு டெண்டர்ல தலைக்கு ஒரே பிரீமியம்தானே? அப்போ பிடித்தமும் ஒண்ணாத்தானே இருக்கும்?”

நியாயமான கேள்வி. கம்பெனிக்கு அரசு எப்படிக் கட்டுகிறது என்பது வேறு, நம்மிடம் எப்படி வசூலிக்கிறது என்பது வேறு என்று பதில் சொன்னேன். தலைக்கு ஒரே தொகையை அரசு கட்டட்டும். நம்மிடம் ஓய்வூதியத்துக்குத் தக்கபடி பிடிக்கட்டும். குறைந்தவர்களுக்குக் குறைவதை மேலே இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அவர் சற்று யோசித்தார். “எனக்கு 800 ஆனாலும் கட்டுறேன். தீர்மானத்துல என் பேரை முன்மொழிஞ்சவரா போடுங்க.” இதை நான் எதிர்பார்க்கவில்லை. கை கொடுத்தேன்.

அக்டோபர் 4

நிதித் துறைச் செயலருக்கு மனு பதிவுத் தபாலில் போயிற்று. கோரிக்கை மூன்று: ஓய்வூதியத்துக்கேற்ற படிநிலைச் சந்தா, மருத்துவப்படியைச் சந்தாவுக்குக் குறையாமல் உயர்த்துவது, ஓய்வூதியர் இறந்தால் குடும்ப ஓய்வூதிய ஆணையோடே துணைவரின் பெயரில் புது அட்டையும் தருவது. பல நிலைகளில் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் பட்டியல்களை, பெயரை மறைத்து, இணைத்திருக்கிறோம். முதல் தாள் அந்த அக்காவுடையது. அடுத்த நகல் உள்ளாட்சி நிதித் தணிக்கை இயக்குநருக்கு. திங்கட்கிழமை நேரில் கொடுக்க இரண்டு பேர் சென்னை போகிறார்கள்.