பால் வாங்காத வீடு

ஜனவரி 9, 2025, வியாழன்

பேரன் 8.9 கிலோ. தாதி நீலப் புத்தகத்தின் வளர்ச்சிப் படத்தில் புள்ளி வைத்தார். நடுக்கோட்டுக்குக் கீழேதான். ஆனாலும் எட்டாம் மாதத்திலிருந்து புள்ளிகள் ஒரே சாய்வில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாய்வைத்தான் பார்க்க வேண்டும், ஒற்றைப் புள்ளியைப் பார்த்துக் கலங்கக் கூடாது என்று அவரே சொன்னார். பிறகு, "என்ன பால் குடிக்கிறான்?" என்று கேட்டார். தாய்ப்பால் என்றேன். "அது போக?" அது போக ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பினாங்கின் ஜெலுத்தோங்கில் இருக்கும் வீடு வரை சுமந்து வந்தேன்.

ஒவ்வாமை நிபுணரிடம் பிப்ரவரி 20. பால் சேர்த்து வேகவைத்த கேக்கை அவர் முன்னால் ஊட்டிப் பார்க்கும் சோதனை. இன்னும் 42 நாட்கள்.

ஜனவரி 11, சனி

சுங்கைப்பட்டாணியிலிருந்து சம்பந்தி அழைத்தார். "பால் இல்லாமல் பிள்ளைக்கு எலும்பு எப்படிப் பிடிக்கும், சம்பந்தி?" அவருடைய அப்பா சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அவரிடம் பால் வேண்டாம் என்பது சோறு வேண்டாம் என்பதைப் போல.

பால் செரிக்காமல் போவது வேறு, பால் ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு என்று மறுபடியும் சொன்னேன். முன்னது பாலில் உள்ள சர்க்கரையின் வேலை. வயிறு உப்பும், பேதியாகும், அவ்வளவுதான். பேரனுக்கு இருப்பது பின்னது. பாலில் உள்ள புரதத்தை அவன் உடம்பு எதிரியாக நினைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறது. ஏழாம் மாதம் ஒரு கரண்டி தயிர்ச்சோறு ஊட்டியதும் வாயைச் சுற்றிச் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தானே, ஊட்டியது என் கைதானே.

"அப்படியானால் ஆட்டுப்பால் கொடுங்கள். எங்கள் தெருவிலேயே கிடைக்கிறது."

ஆட்டுப்பால் புரதமும் மாட்டுப்பால் புரதமும் அக்கா தங்கை மாதிரி. ஒன்று ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மற்றதும் ஒத்துக்கொள்வதில்லை. அதில் ஃபோலேட் சத்தும் குறைவு. அதை மட்டுமே குடித்து வளரும் பிள்ளைக்கு இரத்தசோகை வரலாம். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். "சரி சம்பந்தி, உங்களுக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டார். சரி என்று அவர் நினைக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

புதுப் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு. பால் மட்டும் வாங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

விடியற்காலையில் தேங்காய்ப்பாலும் அரிசி களைந்த நீரும் ஊற்றி அடுப்பை மூட்டினேன். பொங்குமா என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கம் இல்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பானைக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்ததில்லை. பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தபோது மகள் இரவு வேலை முடிந்து வந்த சீருடையோடு நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். பேரன் பயந்து அழுதான்.

நெய்யில்லை. முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்து, அவன் பங்குக்கு மட்டும் பொடித்துப் போட்டேன். நெய் வெறும் கொழுப்புதானே என்பார்கள். வடிகட்டிய நெய்யிலும் பாலின் புரதம் கொஞ்சம் தங்கும்.

தேங்காய்ப்பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கலாமே என்றார் மருமகன். சமையலுக்குத் தாராளமாக ஊற்றலாம். இரண்டு வயது வரை பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும். ஆனால் பாலுக்கு மாற்றாக அதை நிறுத்த முடியாது. புரதமும் குறைவு, கால்சியமும் குறைவு. பெயரில் மட்டும் பால்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தாய்ப்பாலில் உள்ளதைப் போல மூன்று மடங்குக்கு மேல் புரதம் மாட்டுப்பாலில் இருக்கிறது. கன்று அந்த வேகத்தில் வளர வேண்டும். கன்றுக்கு என்று சுரந்தது.

ஜனவரி 18, சனி

ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கால்சியம் இங்கிலாந்துக் கணக்கில் 350 மில்லிகிராம். அமெரிக்கக் கணக்கில் 700. ஒரே வயது, ஒரே எலும்பு. இதில் எதைப் பிடித்துக்கொள்வது? மகள் 700 என்கிறாள். நான் 350ஐத் தாண்டினால் அன்றைக்குத் தூங்குகிறேன்.

இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 350. அவன் சாப்பிட்டது 20 கிராம், ஆக 70. அதிலும் தானியத்தின் பைட்டேட் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மதியம் முருங்கைக்கீரை, ஒரு பிடி. சிவப்புக் கீரைதான் நல்லது என்று சந்தையில் கீரைக்கார அம்மா எடுத்து நீட்டினார். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேர விடாது. அதுவும் நல்ல கீரைதான், இந்தக் கணக்கில் மட்டும் வராது. முழு நெத்திலியைத் தலை கிள்ளி, உப்புப் போக இரண்டு முறை ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்துப் பொடித்தேன். முள்ளோடு சேர்ந்த பொடி. ஒரு தேக்கரண்டி கஞ்சியில். வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. கால்சியம் சேர்த்த சோயா பால் 200 மில்லி, 240. தாய்ப்பால் எவ்வளவு குடித்தான் என்று யாருக்குத் தெரியும். 100 மில்லிக்கு 30.

கூட்டிப் பார்த்தேன். 350ஐத் தாண்டியது. மறுபடியும் கூட்டினேன்.

ஜனவரி 22, புதன்

பேரங்காடியில் பால்மாவு வரிசை. ஒரு வயது முதல் மூன்று வயது வரை என்று எழுதிய டின்கள், மேலே சிரிக்கும் பிள்ளைகள், மூளைக்கு, உயரத்துக்கு, எதிர்ப்புச் சக்திக்கு. எங்கள் வயிற்றெரிச்சலைத் தெரிந்தே அடுக்கியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் இந்த வகை மாவுகள் ஒரு வயதுக்கு மேல் தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல், தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு ஒரு வயதுக்குமேல் விலங்குப் பாலே போதும் என்றும் சொல்கிறது. நான் பாலைப் பழிக்கவில்லை. ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பால் நல்ல உணவு. புரதம், கால்சியம், பி12 எல்லாம் ஒரே கிண்ணத்தில். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தக் கிண்ணத்தில் இருப்பதைப் பத்துக் கிண்ணத்தில் தேடுகிறோம், அவ்வளவுதான்.

வரிசையிலேயே நாத்தனாரின் மகளைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு வயது மகன் ஒரு நாளைக்கு ஐந்து போத்தல் குடிக்கிறானாம், சோறு இறங்குவதில்லை. முகம் வெளிறிக் கிடந்தான். பாலில் இரும்புச் சத்து இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. வயிற்றையும் நிரப்பிவிடும், மற்ற உணவின் இரும்பையும் தடுக்கும். இரத்தம் பார்க்கச் சொன்னேன். பார்ப்பாளா தெரியவில்லை. என் பேரனைப் பார்த்து "ஐயோ பாவம், பால் இல்லாத பிள்ளை" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

மூலைக்கடையில் பசியாறும்போது மருமகன் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்துவிட்டார். கட்டைவிரல் நகம் அளவு. பத்து நிமிடத்தில் கழுத்தில் தடிப்பு, பிறகு முதுகு, பிறகு காது மடல். மருந்தைக் கொடுத்துவிட்டு அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், உடம்பு துவண்டால் 999. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் கைப்பையிலேயே இருக்கிறது. அந்த மூன்றும் வரவில்லை. முருகா.

"வெறும் மாவு என்று நினைத்தேன், அத்தை." கடைக்காரர் வந்து பார்த்துப் பதறிப்போனார். மாவு பிசையும்போது இனிப்பான கெட்டி டின்பால் ஊற்றுவதுண்டு என்றார். டின்பால்.

ஜனவரி 27, திங்கள்

தடிப்பு அடங்கிவிட்டது. மகள் இன்னும் அவருடன் பேசவில்லை.

ஜனவரி 29, புதன்

சீனப் பெருநாள். வெளியே வெடிச்சத்தம். பேரன் என் மடியில் தூங்குகிறான்.

டின்பால் தலைக்குள்ளேயே நிற்கிறது. 1965, கெடாவில் ஒரு தோட்டம். அம்மா விடியும் முன் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போய்விடுவார். தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, டின்பாலை வெந்நீரில் கலந்து போத்தலில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். இனிக்கும், பிள்ளை அழாது. கொழுகொழு என்று இருந்தான் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். டின்னில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை என்று அவருக்கு யார் சொல்வது? டின்னின் மேல் அழகான மாட்டுப் படம் இருந்தது. எட்டாம் மாதம். பேதி.

சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1939இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கிறார். பாலும் கொலையும் என்பது அந்த உரையின் தலைப்பு. பிள்ளைக்கு என்ன பால் கொடுப்பது என்ற தவறான பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார். தம்பி பிறப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன். அந்தக் குரல் எங்கள் தோட்டத்து லயன் வீடுகள் வரைக்கும் வந்து சேரவில்லை. இன்றைய டின்னில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

மேலே எழுத முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா தௌ ஃபூ ஃபா, சோயா பாலை உறையவைத்த இனிப்பு, கொண்டுவந்து கொடுத்தார். மலாயில் கேட்டார்: "அடிக் (குட்டித் தம்பி) சாப்பிடலாமா?" சாப்பிடலாம். சோயாவைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. சர்க்கரைப் பாகை ஊற்றாமல் கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுவதும் விழுங்கினான். இதை உறையவைக்கப் பலர் ஜிப்சம் போடுகிறார்கள், அதுவே கால்சியம். சீனத் தாய்மார் பால் இல்லாமலே எத்தனை தலைமுறையை வளர்த்துவிட்டார்கள்!

சந்தையில் பையில் கட்டிக் கொடுக்கும் சோயா தண்ணீர் அப்படி இல்லை. புரதம் இருக்கும், கால்சியம் சேர்த்திருக்க மாட்டார்கள், சீனி அதிகம். பெட்டியில் வரும், சீனி இல்லாத, கால்சியம் சேர்த்த வகைதான் வேண்டும். அதையும் நன்றாகக் குலுக்க வேண்டும். கால்சியம் அடியில் தங்கிவிடும். மருமகன் குலுக்குவதில்லை. பாதாம் பாலில் பாதாமே சொற்பம். அரிசிப் பாலை ஐந்து வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்கிறார்கள் இங்கிலாந்தில், ஆர்செனிக் காரணமாக.

பிப்ரவரி 5, புதன்

தமிழ்ப்பள்ளியில் பால் பாக்கெட் கொடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வயிறு வலிக்கிறது, டீச்சர் என்று ஒரு மாணவி தினமும் அழுவாள். சாக்கு என்று நினைத்து, பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரை குடிக்கவைத்தேன். நம் ஆசிய உடம்புகளில் பலவற்றுக்கு வளர வளரப் பால் சர்க்கரை செரிப்பதில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன்.

பிப்ரவரி 8, சனி

மகளுக்குப் பால் குறைகிறது. பாயான் லெப்பாஸில் இரவு வேலை. இடைவேளையில் எடுத்துக் குளிர்பெட்டியில் கொண்டுவருகிறாள். முன்பு 120 மில்லி, இன்று 60. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்காதது போல் இருந்தேன். பிறகு சாதம் பிசைந்து என் கையால் ஊட்டிவிட்டேன், அவளுக்கு.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம், ரதம் புறப்பட்டாயிற்று. தண்ணீர்ப் பந்தலில் ஒரு தங்கை அன்போடு ரோஜா பால் கிண்ணத்தைப் பேரன் வாயருகே கொண்டுபோனாள். பறித்தேன். அவள் முகம் சுருங்கியது. விளக்கம் சொல்லக் கூட்டம் விடவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

பிறந்தபோது மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். அப்போது நேர்ந்துகொண்டது இந்தப் பால்குடம். "பன்னீர்க்குடமாக எடுத்துவிடலாமே, அம்மா" என்று மகள் நேற்றுக்கூடச் சொன்னாள். முருகனிடம் பேசிய சொல்லை நான் மாற்றுவதில்லை.

விடியும் முன் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம். தலையில் குடம், 513 படிகள். நூறு படிகள் ஏறுவதற்குள் மஞ்சள் துணியை மீறிப் பால் தளும்பி நெற்றியில், கண்ணில், முழங்கை வழியாகச் சேலையில் இறங்கியது. எங்கு பார்த்தாலும் பால். படி வழுக்கியது. இத்தனை பேர் இத்தனை பால் சுமந்து ஏறுகிறார்களே, இதில் ஒரு துளி என் பிள்ளையின் தோலில் பட்டால் தடிக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பக்தி என்று நினைத்து ஒருவர் விபூதி பூசினார். வேலின் மேல் பால் வழிந்தபோது அவனுக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. தம்பி பெயரைச் சொன்னேன்.

கீழே குழாயில் கைகால் கழுவி, சேலை மாற்றி, ஈரச் சேலையைப் பையில் இறுக்கிக் கட்டினேன். வீட்டு வாசலில் பேரன் இரண்டு கையையும் நீட்டினான். தலை முழுகிவிட்டு வரும் வரை தூக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவன் அழுத சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

காய்ச்சல். 38.6. கூட்டத்தில் தொற்றியிருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

காய்ச்சல் விட்டது, மார்புச்சளி விடவில்லை. மருத்துவமனையில் அழைத்துக் கேட்டேன். நோயோடு இருக்கும் பிள்ளைக்குச் சோதனை செய்ய மாட்டார்கள். ஒவ்வாமை மருந்தையும் சில நாட்கள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மார்ச் 13க்கு மாற்றிவிட்டார்கள்.

ரொட்டி சானாய்க்கே தடித்தவனுக்குப் பால் சேர்த்த கேக் மட்டும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். கல்லில் இரண்டு நிமிடம் வேகும் மாவு வேறு, 180 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த மாவு வேறு என்றார் அந்த மருத்துவர். நீண்ட சூட்டிலும் கோதுமையோடு கலப்பதிலும் புரதத்தின் உருவம் மாறுகிறது. வீட்டில் முயலவே கூடாது, அவர் கண் முன்னால்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி வயதுக்குள் இது விட்டுப்போகும் என்றும் சொன்னார். பெரும்பாலான.

பிப்ரவரி 18, செவ்வாய்

சம்பந்தி பஸ் ஏறி வந்துவிட்டார். பையில் முளைகட்டி, காயவைத்து, அரைத்த கேழ்வரகு மாவு இரண்டு கிலோ. வீட்டுக்குள் வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். "காலையில் டீ குடித்தேன், சம்பந்தி" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

இருமல் குறைந்திருக்கிறது. முட்டை ஒன்று, நெத்திலிக் கஞ்சி முக்கால் கிண்ணம். சோயா பால் கடைசிப் பெட்டி. நம் கடையில் அந்த வகை இல்லை. நாளை பாயான் பாருவில் பார்க்க வேண்டும்.