கான்டினியரின் பீப்பாய்: நான்காம் முறை

54 மில்லிமீட்டர் கான்டினியர் பொம்மையின் இடுப்பில் தொங்கும் பிராந்திப் பீப்பாய், மூன்று முறை வண்ணத்தைக் கரைத்துக் கழுவிய பிறகு, நேற்றிரவு ஒருவழியாக நான் எண்ணியபடி அமைந்தது.

பெட்டியின் மேல் ‘வாட்டர்லூ, 1815’ என்று அச்சிட்டு விற்றவரை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பிரெஞ்சுப் படைகளோடு நடந்து வீரர்களுக்கு மதுவும் உணவும் விற்ற கான்டினியர் பெண்களுக்கு நெப்போலியன் காலத்தில் தனிச் சீருடை கிடையாது. குட்டைப் பாவாடை, அதன் கீழே கால்சட்டை, படைப்பிரிவின் நிறத்தில் மேற்சட்டை என்னும் கோலம் பிற்காலத்தது. ஆகவே என் பொம்மையை 1855-இல் கிரிமியாவில் இருந்த ஸுவாவ் என்னும் பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவுக்கு மாற்றிவிட்டேன். அதே ஆண்டில் ரோஜர் ஃபென்டன் அங்கே எடுத்த கான்டினியர் புகைப்படம் உடையின் வெட்டுக்குப் பெரிதும் உதவியது, நிறத்துக்கு உதவவில்லை. அக்காலப் புகைப்படக் கலையின் ஈரக் கொலோடியன் தகட்டில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் பதியும் என்பதை மறந்து, படத்தின் சாயலை நம்பி ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

பீப்பாயில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள் வேண்டும். நடுவில் புடைத்த பரப்பில் வண்ணம் படாமல் மறைக்க ஒட்டும் அகலமான மாஸ்கிங் டேப் சுருங்கி, அந்தச் சுருக்கத்தின் வழியே சிவப்பு கசிந்து வெள்ளையை ரோஜா நிறமாக்கிவிடுகிறது. இம்முறை முழுவதும் வெள்ளை பூசி, டேப்பை ஒரு மில்லிமீட்டர் கீற்றுகளாக நறுக்கி, நடுப்பட்டையின் மேல் அடுத்தடுத்து ஒட்டினேன். பிறகு அவற்றின் ஓரத்தில் மறுபடியும் வெள்ளையையே மெல்லிதாகத் தடவி இடுக்குகளை அடைத்தேன். அது உலர்ந்த பின்னரே நீலமும் சிவப்பும் பூசினேன். கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கிறது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். கார் வண்ணக் கடையில் வாங்கும் டேப்பை யாரும் நம்பவேண்டாம், அதன் பசை அக்ரிலிக் வண்ணத்தையும் சேர்த்து உரித்துவிடும். நான் வரவழைத்த மெல்லிய டேப்பின் விலையோ பொம்மையின் விலையில் பாதி.

அடுத்தது 1793-ஆம் ஆண்டுக் காட்சி. அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று, படையோடு திரிந்த பெண்களைத் திருப்பியனுப்பிய தேசிய மாநாட்டின் (பிரெஞ்சுப் புரட்சிக்கால ஆட்சிமன்றத்தின்) ஆணை, பட்டாலியனுக்கு நான்கு சலவைப் பெண்களையும், உணவும் மதுவும் விற்ற விவாந்தியேர்களையும் மட்டும் விட்டுவைத்தது. அந்த நால்வருக்காகத் துவைக்கும் தொட்டியைக்கூடப் பலகைச் சீவலில் செய்து வைத்துவிட்டேன். இந்தக் கான்டினியரின் முகமோ இன்னும் பிரைமர் என்னும் அடிப்பூச்சோடுதான் இருக்கிறது.